உமி விழும் இடம்

‘ஆராய்ச்சி முடிவுகளைச் சந்தைக்கேற்ற தீர்வுகளாக மாற்றுவது’ என்ற சொற்றொடர் இப்போது பல்கலைக்கழகக் கருத்தரங்கு அழைப்பிதழ்களிலும் நன்கொடை நிறுவன அறிக்கைகளிலும் அரசுச் செய்திக்குறிப்புகளிலும் ஒரே மாதிரியாக வந்து விழுகிறது. வளரும் நாடுகளுக்கென்றே தைத்துக் கொடுக்கப்பட்ட சொல்லாடல் இது. இதன் இலக்கணம் மிக எளிது. ஒரு முனையில் ஆய்வகம். அங்கே அறிவு இருக்கிறது. மறுமுனையில் ஏழை, அவரிடம் பிரச்சினை இருக்கிறது. நடுவில் சந்தை என்றொரு பாலம். பாலத்தைக் கட்டிவிட்டால் அறிவு இந்தப் பக்கம் வரும், காசு அந்தப் பக்கம் போகும், ஏழை நிமிர்ந்துவிடுவார். பாலத்தில் சுங்கம் வசூலிப்பவர் யார் என்ற கேள்வி மட்டும் இந்த இலக்கணத்தில் எழாது.

இந்தச் சொல்லாடலுக்கு ஒரு வரலாறு உண்டு. இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் தன் பொன்விழாவையொட்டி 1979இல் ‘ஆய்வகத்திலிருந்து நிலத்துக்கு’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. அன்றைக்கு இலக்கு நிலம். அடுத்த ஆண்டே அமெரிக்காவில் பேய்-டோல் சட்டம் வந்து, அரசுப் பணத்தில் நடந்த ஆராய்ச்சியின் காப்புரிமையைப் பல்கலைக்கழகமே வைத்துக்கொண்டு விற்கலாம் என்றானது. அதைப் பார்த்து எழுதப்பட்ட மசோதா ஒன்று இங்கே 2008 டிசம்பரில் மாநிலங்களவைக்கு வந்தது. கடும் எதிர்ப்புக்குப் பிறகு 2014இல் திரும்பப் பெறப்பட்டது. மசோதாதான் போனது, மொழி போகவில்லை. ‘நிலம்’ இருந்த இடத்தில் ‘சந்தை’ உட்கார்ந்துகொண்டது. யாரும் இதை ஒரு மாற்றமாகவே உணரவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது. ஒரு சொல்லை எடுத்துவிட்டு இன்னொரு சொல்லை வைக்கும்போது வாக்கியம் ஆடாமல் நிற்கிறதென்றால், அந்த வாக்கியத்தை யார் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். இதற்கு ஃபூக்கோவையெல்லாம் துணைக்கு அழைக்க வேண்டியதில்லை. ஒரு தானியம் போதும்.

அந்தத் தானியம் ஜவ்வாது மலைச் சாமை.

திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களுக்கு நடுவே கிடக்கிற மலை இது. ஜமுனாமரத்தூர் அதன் கடைத்தெரு, அலுவலகம், பேருந்து நிலையம் எல்லாம். இங்கே வாழ்கிற மலையாளிப் பழங்குடியினருக்குக் கேரளத்தோடு சம்பந்தமில்லை, மலையை ஆள்பவர்கள் என்ற பொருளில் வந்த பெயர். (ஆள்வது வனத்துறை என்பது வேறு விஷயம்.) மானாவாரி நிலத்தில், சரிவில், உரமில்லாமல், ஒன்றிரண்டு மழை தவறினாலும் தாக்குப்பிடித்து விளைகிற பயிர் சாமை. விளைவிப்பதில் பெரிய சிக்கலில்லை. சிக்கல் அறுவடைக்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது.

ராகியை அப்படியே அரைக்கலாம். கம்பை லேசாக இடித்தால் போதும். சாமை அப்படியல்ல, மணியைக் கெட்டியான உமி இறுகப் பிடித்துக்கொண்டிருக்கும். மணியும் பொடி: ஆயிரம் சாமை மணிகளை எடை போட்டால் 2, 3 கிராம்தான் தேறும், நெல்லானால் 15, 20 கிராம் வரும். இத்தனூண்டு மணியின் உமியை உரலில் போட்டு, உலக்கையால் குத்தி, முறத்தில் புடைத்து, மறுபடி குத்தி, மறுபடி புடைத்து, கல்லும் மண்ணும் பொறுக்கினால்தான் சாமையரிசி. ஒரு வேளைச் சோற்றுக்கு ஒரு பெண்ணின் காலைப்பொழுது போய்விடும். இந்தக் காலைப்பொழுது எந்தப் புள்ளிவிவரத்திலும் ஏறாத உழைப்பு. கூலி கொடுத்திருந்தால் கணக்கு வந்திருக்கும். கணக்கு வந்திருந்தால் யாராவது ஒரு பொருளாதார நிபுணர் அதைக் ‘கண்டுபிடித்திருப்பார்’.

இலக்கியவாதிகளாகிய நாம் மட்டும் கண்டுகொண்டோமா என்ன? வள்ளைப்பாட்டு என்று குற்றுப்பாட்டுக்கு ஒரு வகைமையே வைத்திருக்கிற மரபு நம்முடையது. உலக்கையின் தாளம், தோழியும் தலைவியும் மாறி மாறிப் பாடுவது என்று எத்தனை பக்கங்கள் எழுதியிருக்கிறோம். பாட்டின் சந்தத்தைப் பிரித்தவர்கள் பாடுகிறவளின் தோள்வலியைப் பிரித்துப் பார்க்கவில்லை. இன்றைக்கும் சிறுதானியம் என்றாலே ‘நம் பாட்டி உணவு’ என்று மெய்சிலிர்க்கிற ஒரு கூட்டம் இருக்கிறது. பாட்டி என்ன சொல்கிறாள் என்று கேட்பதில்லை. ஜமுனாமரத்தூரிலிருந்து உள்ளே ஒரு சிற்றூரில், திண்ணையில் உட்கார்ந்திருந்த ஒரு முதியவரிடம் நான் கேட்டேன்: “ஆயா, முன்னெல்லாம் தினம் சாமைச்சோறுதானா? விட்டது வருத்தமா இல்லியா?” அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “சாமச்சோறு நல்லாத்தான் இருக்கும் தம்பி. நீ வந்து குத்திக்குடு, தெனம் துன்றேன்.” சிறுதானியம் பற்றி நான் படித்த கட்டுரைகளில் இந்த அளவுக்குச் சுருக்கமான விமர்சனத்தைப் பார்த்ததில்லை.

இங்கிருந்துதான் ரேஷன் அரிசி விஷயத்தைப் பேச வேண்டும். மலைக்காரர்கள் சாமையை விட்டு அரிசிக்குப் போனதை ‘நுகர்வுக் கலாச்சாரம்’, ‘வெள்ளைச்சோற்று மோகம்’ என்று ஏசுவது நம் முற்போக்குப் பத்திரிகைகளுக்கும் பழகிப்போன ஒன்று. 2008இல் கிலோ ஒரு ரூபாய்க்கும் 2011 முதல் விலையில்லாமலும் தமிழக ரேஷன் கடைகளில் வந்த அரிசி மலிவு என்பது உண்மைதான். ஆனால் அதைவிட முக்கியமான ஒரு குணம் அதற்கு இருந்தது: அது உமி நீக்கி வந்தது. மலைக்கு வந்து சேர்ந்தவற்றிலேயே பெண்களுக்குப் பொழுதைத் திருப்பிக் கொடுத்த மிகப் பெரிய தொழில்நுட்பம் ரேஷன் அரிசிதான் என்று நான் சொல்வேன். நெல்லுக்கு அரவை ஆலைகளையும் கொள்முதல் நிலையங்களையும் கிடங்குகளையும் அரசு அமைத்தது. சாமைக்கு உலக்கை மட்டும் மிஞ்சியது. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து, ‘மக்கள் அரிசியைத் தேர்ந்தெடுத்தார்கள்’ என்று எழுதுவது எந்த வகை நேர்மை?

அப்படியானால் ஆராய்ச்சி என்ன செய்துகொண்டிருந்தது? ரகம் கண்டுபிடித்துக்கொண்டிருந்தது. கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் சாமையில் ரகங்களை வெளியிட்டு வந்திருக்கிறது. மலையின் காலடியில் திருவண்ணாமலை பக்கம் அத்தியந்தலில் அதன் சிறுதானிய மகத்துவ மையம் இருக்கிறது. ‘அத்தியந்தல் 1’ என்றே ஒரு சாமை ரகம் உண்டு. இவற்றைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் ரகம் என்பது மகசூலை மையமாக வைத்த விடை. நிலத்தில் நின்று பார்ப்பவனுக்கு எழுகிற கேள்வி அது. உரலருகே நின்றவளுக்கு வேறு கேள்வி இருந்தது. அவளுடைய கேள்வி ஆராய்ச்சிக் கேள்வியாகப் பதிவாக வெகுகாலம் பிடித்தது. இத்தனைக்கும் உமியை உடைப்பது ஒன்றும் அணுப்பிளவு அல்ல.

இதே மலையில் இன்னொரு அறிவியலும் இருக்கிறது. காவலூர் வானாய்வகம். 1960களின் கடைசியில் தொடங்கி, 1972இல் ஒரு மீட்டர் தொலைநோக்கி, 1986 ஜனவரியில் 2.34 மீட்டர் தொலைநோக்கி. இந்த இரண்டாவதை இந்தியாவிலேயே வடிவமைத்துச் செய்தார்கள். அதற்காக உழைத்த வைணு பாப்பு அது முடிவதற்கு முன் 1982இல் இறந்துபோனார். அவர் பெயரையே அதற்கு வைத்தார்கள். யுரேனஸின் வளையங்களை 1977இல் பதிவு செய்த இடங்களில் காவலூரும் ஒன்று. எந்தச் சந்தைக்கும் போகாத அறிவு இது, போக வேண்டுமென்று யாரும் கேட்கவுமில்லை. கேட்காததே சரி. தொலைநோக்கிக்குச் செலவழித்த காசில் அரவை இயந்திரம் வாங்கியிருக்கலாமே என்று நான் வாதிடப் போவதில்லை, அது மலிவான வாதம். நான் சுட்டுவது வேறு. அத்தனை பெரிய கண்ணாடியை மைக்ரான் சுத்தமாக இழைக்கத் தெரிந்த நாட்டில், அதே மலையில், 2 மில்லிகிராம் மணியின் உமியை உடைக்க நல்ல இயந்திரம் இல்லாமல் போனது திறமைக் குறைவால் அல்ல. வானத்தைப் பார்க்கும் அறிவியலுக்கு அரசு பணம் கொடுத்தது. பூமியில் நிற்பவருக்கான அறிவியலிடம் மட்டும் ‘உனக்குச் சந்தை இருக்கிறதா?’ என்று கேட்டது.

கடைசியில் சந்தை வந்தது, நகரத்து நீரிழிவின் வடிவத்தில். சென்னையிலும் பெங்களூரிலும் மருத்துவர்கள் வெள்ளை அரிசியைக் குறைக்கச் சொன்னதும் சாமைக்கு ஒரு மரியாதை பிறந்தது. உமி அப்போதுதான் ஆராய்ச்சிக்கு முக்கியமானது. 2011 முதல் 2014 வரை கனடாவின் நிதியில், தானம் அறக்கட்டளையும் வேளாண் பல்கலைக்கழகமும் கனடாவின் மென்னோனைட் பல்கலைக்கழகமும் மற்றவர்களும் சேர்ந்து இந்தியா, நேபாளம், இலங்கை ஆகிய நாடுகளில் நடத்திய சிறுதானியத் திட்டத்தில் ஜவ்வாது மலையும் ஒரு களம். அந்தத் திட்டத்தின் நல்ல காரியம், ரகத்தோடு நிற்காமல் அரவையைக் கையில் எடுத்தது. சுழலும் தகட்டிலிருந்து தானியத்தை வீசியெறிந்து சுவரில் மோதவைத்து உமியைப் பிளக்கிற மையவிலக்கு இயந்திரங்கள் சிற்றூர் அளவுக்குச் சிறிதாக வடிவமைக்கப்பட்டன. பிறகு கல்நீக்கி, சல்லடை, ஊதி. பல்கலைக்கழக வரைபடத்தைப் பட்டறைக்காரர்கள் தங்கள் அனுபவத்தில் திருத்தினார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். சல்லடைக் கண் எவ்வளவு, எந்த ஈரத்தில் தானியத்தைப் போடுவது, உடைசல் ஏன் விழுகிறது என்பதெல்லாம் இயந்திரத்தை ஓட்டுகிறவர் கற்றுக்கொடுத்த பாடம். ‘அறிவு மேலிருந்து கீழே இறங்குகிறது’ என்ற பாலக் கதை இந்த இடத்திலேயே உடைந்துவிடுகிறது.

இயந்திரம் வந்தது நல்லது, இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. உலக்கையைப் புனிதப்படுத்தி இயந்திரத்தை எதிர்ப்பவர்களோடு நான் இல்லை. ஆனால் இயந்திரம் எங்கே நிற்கிறது?

கேள்வி சின்னதாகத் தெரியலாம். ஆலை மலைமேல் நின்றால் உமியும் தவிடும் குருணையும் மலையில் விழும். மாட்டுக்கும் கோழிக்கும் ஆகும். அரிசியில் ஒரு பங்கு வீட்டுக்குப் போகும். விற்பது அரிசியாக விற்கும். ஆலை சமவெளியில் நின்றால் மலையிலிருந்து இறங்குவது மூட்டை மூட்டையாகத் தோல் நீக்காத சாமை, தானிய வியாபாரி சொன்ன விலைக்கு. அது எங்கோ ஒரு நகரத்தின் பெரிய ஆலையில் அரைபட்டு, கண்ணாடிப் பைக்குள் ‘மலைச் சாமை’ என்ற பெயரோடு, பழங்குடிப் பெண்ணின் படத்தோடு, பல மடங்கு விலையில் கடைக்கு வரும். படத்தில் அவள் சிரிப்பாள். மலைக்குத் திரும்ப அந்தப் பை போகாது. பயன்மதிப்பு பரிமாற்ற மதிப்பாக மாறுவதைப் பாடப்புத்தகத்தில் படித்தவர்கள் இதை அப்பட்டமாகப் பார்க்க வேண்டுமானால் சாமையைப் பார்க்கலாம். ஜமுனாமரத்தூரில் பழங்குடி உழவர்களின் உற்பத்தியாளர் நிறுவனம் ஒன்று உருவாகி மலைப்பொருட்களைத் தன் பெயரில் விற்க முனைந்ததன் அர்த்தம் இந்த இடத்தில்தான் இருக்கிறது. அதை ‘தொழில்முனைவு வெற்றிக்கதை’ என்று எழுதிவிட்டுப் போகிறவர்கள் அது யாரோடு போட்டி போடுகிறது என்பதை எழுதுவதில்லை. ஆலைக்கு மின்சாரம் வேண்டும். பெல்ட் அறுந்தால் மாற்ற ஆள் வேண்டும். அறுவடை நேரத்தில் உழவருக்கு உடனே காசு கொடுக்க முதல் வேண்டும், ஏனென்றால் வியாபாரி உடனே கொடுக்கிறான். ‘தொழில்நுட்பப் பரிமாற்றம்’ என்ற சொல்லுக்குள் பெல்ட்டும் முதலும் அடங்குவதில்லை.

இன்னொன்று. மலைக்காரர்களைச் ‘சந்தையோடு இணைப்பது’ என்கிறார்கள், ஏதோ சந்தையையே பார்க்காதவர்கள் மாதிரி. ஜவ்வாது மலைக்குச் சந்தை புதிதா? வாசனைப் பொருளின் பெயரைத் தாங்கிய இந்த மலையின் சந்தன மரங்களைச் சந்தை எப்போதோ கண்டுபிடித்துவிட்டது. அடிவாரத்தில் திருப்பத்தூரில் அரசுச் சந்தனக் கிடங்கு வைத்து ஏலம் விட்டார்கள். மரம் தீர்ந்தபிறகு கோடாலி பிடிக்கத் தெரிந்த கைகள் பண்டமாயின. 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்தின் சேஷாசலக் காட்டில் செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று 20 பேரைச் சுட்டுக்கொன்றார்கள். திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டங்களின் மலையோரத்திலிருந்து போனவர்கள் அவர்களில் மிகுதி. உலகச் சந்தையோடு அவர்கள் மிக நன்றாக ‘இணைக்கப்பட்டுத்தான்’ இருந்தார்கள். செம்மரம் சீனா வரை போகிறது. அந்தச் சங்கிலியின் எந்தக் கண்ணியில் நிற்கிறோம் என்பதை மட்டும் அவர்கள் தீர்மானிக்கவில்லை. சாமையைப் பற்றிப் பேசும்போது இதை ஏன் இழுக்கிறாய் என்று நண்பர் ஒருவர் கேட்டார். ஒரு மலையில் விளைவது குடும்பத்தைக் காப்பாற்றவில்லையென்றால் ஆள் இறங்கிப் போவான், அவ்வளவுதான்.

சந்தை அறிவியலை எப்படி வளைக்கிறது என்பதற்கு வேறெங்கும் போக வேண்டாம், சாமையின் நிறத்தைப் பார்த்தால் போதும். உமி நீக்கியதும் சாமையரிசி பழுப்பாக இருக்கும். அந்தப் பழுப்புத்தான் தவிடு; நார்ச்சத்து, தாது, கொழுப்பு எல்லாம் பெரும்பாலும் அங்கேதான். அந்தக் கொழுப்பினால் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். கடை அலமாரியில் மாதக்கணக்கில் உட்கார வேண்டுமென்றால் தவிட்டைத் தீட்டி எடுத்துவிட வேண்டும். வாங்குகிறவரும் வெள்ளையாக இருந்தால்தான் சுத்தம் என்கிறார். ஆக, எந்தச் சத்துக்காக வெள்ளை அரிசியை விட்டுச் சாமைக்கு வந்தார்களோ அந்தச் சத்தை உரித்துவிட்டு, இன்னொரு வெள்ளை அரிசியை அதிக விலைக்கு வாங்கிப் போகிறார்கள். ஆராய்ச்சி சொன்னது ஒன்று, சந்தை விற்பது இன்னொன்று, பையின் மேல் அச்சாகியிருப்பது ஆராய்ச்சி சொன்னது. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023 செப்டம்பரிலிருந்து 15 சிறுதானியங்களுக்குத் தரநிர்ணயம் கொண்டுவந்தது: ஈரப்பதம், யூரிக் அமிலம், அந்நியப் பொருள், பிற தானியக் கலப்பு, பூச்சி அரித்த மணி, முதிராமல் சுருங்கிய மணி. தவிடு எவ்வளவு மிஞ்சியிருக்க வேண்டும் என்பது அந்த வரிசையில் இல்லை. உள்ளூர் ஆலையில் அன்றன்று அரைத்து அன்றன்று உண்டால் தீட்ட வேண்டிய அவசியமே இல்லை. ஆலை நிற்கும் இடம் சத்தையும் தீர்மானிக்கிறது.

அறிவுக்குப் பங்கு கொடுத்தால் சரியாகிவிடும் என்பவர்களுக்காகக் காணிக்காரர்களின் கதையை நினைவூட்டலாம். அகத்திய மலையில் 1987இல் ஆய்வாளர்களுக்குக் காணிக்காரர்கள் ஆரோக்கியப்பச்சையைக் காட்டினார்கள். திருவனந்தபுரத்துத் தாவரவியல் ஆய்வு நிறுவனம் அதிலிருந்து ‘ஜீவனி’யை உருவாக்கி, 10 லட்ச ரூபாய்க்கும் 2 சதவீத உரிமத்தொகைக்கும் ஏழாண்டு உரிமத்தைக் கோயம்புத்தூர் மருந்தகம் ஒன்றுக்குக் கொடுத்தது, வருவதில் பாதி காணிக்காரர்களுக்கு என்று 1997இல் அறக்கட்டளையும் பதிவானது. உலகமே மேற்கோள் காட்டிய முன்மாதிரி. ஆனால் செடியைக் காட்டிலிருந்து எடுக்கவும் பயிரிடவும் வனத்துறை தடை சொன்னது. பங்கு இருந்தது, பச்சிலை மீது உரிமை இல்லை. பணத்தைப் பங்கிடுவது எளிது, கட்டுப்பாட்டைப் பங்கிட யாரும் தயாரில்லை.

கொல்லிமலையிலும் பாடம் இருக்கிறது. கட்டவெட்டிச்சாமை, திரிகுலச்சாமை, மல்லியச்சாமை, பெருஞ்சாமை என்று ரகத்துக்கொரு பெயர் வைத்திருந்த மலை. சேலத்து ஜவ்வரிசி ஆலைகள் கேட்ட மரவள்ளி அந்த நிலங்களைப் பெருமளவுக்கு விழுங்கியது. 1990களிலிருந்து சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே விதையையும் சிறு ஆலையையும் விற்பனையையும் மகளிர் குழுக்களையும் ஒன்றாகச் சேர்த்து முயன்றது. மரவள்ளியை அது வீழ்த்தவில்லை. வாங்க ஆள் உறுதியாக இருக்கிற பயிரைச் சொற்பொழிவால் வீழ்த்த முடியாது.

வாங்க உறுதியான ஆள் என்றால் அது யார்? ஒன்றிய அரசின் குறைந்தபட்ச ஆதரவு விலைப் பட்டியலில் சோளம், கம்பு, ராகி உண்டு, சாமைக்கென்று தனி வரி இல்லை. சத்தீஸ்கர் அரசு 2021இல் வரகுக்கும் சாமைக்கும் குவிண்டாலுக்கு 3,000 ரூபாய் என்று தானே விலை அறிவித்தது. ஒடிசா 2017இல் தொடங்கிய சிறுதானியத் திட்டத்தில் உள்ளூரில் உண்பதையும் முதன்மையாக வைத்து, அரவையை மகளிர் குழுக்களிடம் விட்டது. தமிழ்நாடு 2023இல் நீலகிரியிலும் தருமபுரியிலும் ரேஷன் கடையில் அரிசிக்குப் பதில் 2 கிலோ ராகி தரத் தொடங்கியது. ராகிக்கு உமி நீக்க வேண்டியதில்லை; வாங்கினோம், மூட்டை கட்டினோம், கொடுத்தோம் என்று முடிந்துவிடும். சாமையை அப்படி வாங்கி மலைக்குழந்தையின் சத்துணவுத் தட்டில் போடுவதென்றால் நடுவே ஓர் ஆலை வந்தாக வேண்டும். அந்த ஆலை போளூரில் நிற்கப்போகிறதா, ஜமுனாமரத்தூரிலா?